பழைய கணினி ஸ்டார்ட் ஆகவில்லையா? ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

மண்டபத்தில் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் ஒரு மேசை போட்டுக் கணினி பழுது பார்க்கிறேன். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று ஒரு பக்கமும், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று மறு பக்கமும் ஆட்கள் வருகிறார்கள். கொண்டுவருவதெல்லாம் பிள்ளைகள் படிப்புக்காகப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் வாங்கிய மேசைக் கணினிகள்தான். "செத்துப்போச்சுண்ணே" என்று சொல்லித்தான் இறக்கி வைப்பார்கள். திறந்து பார்த்தால் பல பெட்டிகளில் எதுவுமே எரிந்திருக்காது. உப்பு படிந்திருக்கும், அவ்வளவுதான். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. லைட்டும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

சுவரிலிருந்து ஆரம்பியுங்கள். கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே பாயின்ட்டில் செல்போன் சார்ஜரையோ டேபிள் லைட்டையோ சொருகிப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் சுவிட்ச் போர்டின் உள்ளே இருக்கும் பித்தளைக் காலே பச்சை பூத்துப் போயிருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அதைத் தவிர்த்து நேராகச் சுவரில் சொருகுங்கள். அடுத்து, கேபினெட்டின் (கணினியின் பெரிய பெட்டி) பின்னால் சொருகும் தடித்த கறுப்பு ஒயர். வேறு ஒன்று இருந்தால் மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்குப் போவதும் பெரும்பாலும் அதே ஒயர்தான், அதையே கழற்றிச் சோதிக்கலாம்.

பின்பக்கம் எஸ்எம்பிஎஸ் பெட்டியில், அதாவது வீட்டுக் கரண்டைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டியில், ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆஃப், கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன். வீடு கூட்டும்போது தட்டுப்பட்டு ஆஃப் ஆகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பழைய பெட்டிகளில் அதன் பக்கத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் ஒன்றும் இருக்கும். அது எப்போதும் 230-இல்தான் இருக்க வேண்டும். 115-க்கு நகர்த்திவிட்டு ஆன் செய்தால் எஸ்எம்பிஎஸ் வெடித்துப் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

இதெல்லாம் சரி என்றால் பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கப் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் வடியும். திரும்பச் சொருகி ஆன் செய்யுங்கள். கரண்டு ஏறி இறங்கியதால் தன்னைத்தானே பூட்டிக்கொண்ட எஸ்எம்பிஎஸ் இதிலேயே எழுந்துவிடும்.

அப்புறம் அந்த முன்பக்கப் பட்டன். கடற்காற்றில் முதலில் துருப்பிடிப்பது பல சமயம் அதுதான். இதற்கு ஒரு வழி இருக்கிறது. பவர் பட்டனிலிருந்து ஒரு மெல்லிய இரட்டை ஒயர் மதர்போர்டுக்கு, அதாவது எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் பெரிய சர்க்யூட் பலகைக்குப் போகும், ரீசெட் பட்டனிலிருந்தும் அதே மாதிரி ஒன்று போகும். ரீசெட் ஒயரைக் கழற்றிப் பவர் ஒயர் இருந்த முள்ளில் மாட்டிவிட்டால், இனி ரீசெட் பட்டன்தான் உங்கள் பவர் பட்டன். எந்த முள் எது என்று மதர்போர்டிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பெரியபட்டினத்தில் ஒரு வீட்டுக் கணினி நாலு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், நிதானம் மட்டும் வேண்டும். பவர் ஒயரைப் பிடுங்குங்கள். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றிலிருந்தும் எஸ்எம்பிஎஸ் ஒயர்களைக் கழற்றுங்கள். 20 அல்லது 24 துளை உள்ள பெரிய கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் வளைத்த கம்பித் துண்டால் இணைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் பவர் ஒயரைச் சொருக வேண்டும். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது என்று பொருள்.

ஃபேன் சுற்றுவது மட்டும் போதாது. மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீசியன் யாராவது பக்கத்தில் இருந்தால் அளக்கச் சொல்லுங்கள். கறுப்பு ஒயருக்கும் மஞ்சள் ஒயருக்கும் இடையில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்புக்கு 4.75 முதல் 5.25, ஆரஞ்சுக்கு 3.14 முதல் 3.47. இந்த அளவுக்குள் நிற்கவில்லை என்றால் வேறு எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடுங்கள்.

அந்த இரும்புப் பெட்டியை மட்டும் பிரிக்கவே பிரிக்காதீர்கள். கரண்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். நான் இத்தனை வருடம் இந்த வேலை செய்தும் அதைப் பிரிப்பதில்லை.

கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. இதற்கும் ஸ்டார்ட் ஆகாததற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. உங்கள் வீட்டு எர்த் சரியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் இரண்டு, கரண்டு ஒயர்களுக்கும் பெட்டியின் இரும்புக்கும் நடுவில் இருக்கின்றன. எர்த் இருந்தால் கசியும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் பெட்டியின் மேல் சுமார் 115 வோல்ட் நிற்கும். அளவு மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று கடிப்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் யுஎஸ்பி, மானிட்டர் கேபிள் வழியாக அதுவே மதர்போர்டின் சிப்புகளைக் கெடுக்கலாம். எர்த் இல்லாத வீட்டில் வேறு ஏதாவது கருவியில் உண்மையான லீக் வந்தால் ஆளுக்கே ஆபத்து.

நம் ஊர் மணல் தரை கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் குழியின் பலம் குறைந்துபோகும். குழி எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கம்பியே அரித்துப் போயிருந்தால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கணினிக்காக இல்லாவிட்டாலும் வீட்டில் இருப்பவர்களுக்காக இதைச் செய்யுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது. ஆனால் மானிட்டரில் ஒன்றும் வரவில்லை.

என் மேசைக்கு வருவதில் அதிகம் இதுதான். முதலில் மானிட்டரைச் சந்தேகப்படுங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் ஆன் செய்தால் "நோ சிக்னல்" என்ற மாதிரி ஏதாவது எழுத்து வர வேண்டும். வந்தால் மானிட்டர் நலம். அடுத்து கீபோர்டில் நம் லாக் (Num Lock) பட்டனைத் தட்டுங்கள். அந்தச் சின்ன விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் கணினி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, படம் மட்டும் வந்து சேரவில்லை. மானிட்டருக்குப் போகும் விஜிஏ கேபிளின் முள் வளைந்திருக்கிறதா பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் பெட்டியில் கேபிளை மதர்போர்டு துளையில் மாட்டிவிட்டுத் தவிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நம் லாக் விளக்கும் அசையவில்லை என்றால் ராம்தான் (மதர்போர்டில் சொருகியிருக்கும் நினைவகப் பட்டை) முதல் சந்தேகம்.

கரண்டைப் பிடுங்குங்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கட்டும். ராம் பட்டையின் இரண்டு முனையிலும் உள்ள கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் பட்டை எழும்பி வரும். ஓரத்தில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பட்டைகள் மங்கிப்போயோ புள்ளி விழுந்தோ இருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் மென்மையான வெள்ளை ரப்பரால் மேலிருந்து கீழாக மெல்லத் தேயுங்கள். அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சு போய்விடும், மிக மெல்லிய பூச்சு அது. ரப்பர் துகளைத் துடைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் பஞ்சில் நனைத்து ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். ராம் சொருகும் பள்ளத்தையும் காய்ந்த மென்மையான பிரஷால் கூட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உள்ளே போனால் பழையபடி உப்புக்குத் தீனி போட்ட மாதிரிதான்.

திரும்பச் சொருகும்போது இரண்டு கிளிப்பும் "டிக்" என்று தானாக மூட வேண்டும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள், பள்ளத்தை மாற்றிப் பாருங்கள், அடுத்ததை மாட்டிப் பாருங்கள். கால் மணி நேரம் பிடிக்கும். கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா (அக்கா), மகளின் கல்யாணப் படங்கள் உள்ள கணினியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். வேறு கடையில் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லியிருந்தார்களாம். ராமைத் துடைத்து மாட்டியதும் திரை வந்தது. அவர் அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ஏன் நம் ஊரில் மட்டும் இந்தத் தொல்லை? மதுரையில் இருக்கும் அண்ணன் வீட்டுக் கணினி பத்து வருடமாக நன்றாக ஓடுகிறதே.

அடுப்படியில் உப்பு ஜாடி மழை மாதத்தில் நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு அவ்வளவு ஈரம்கூடத் தேவையில்லை. நமக்கு வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் இருக்கின்றன. கச்சான் காற்று அடித்தாலும் வாடைக்காற்று அடித்தாலும் உப்புத்தூவானம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கேபினெட் ஃபேன் அதை உள்ளே இழுத்து ஒவ்வொரு முள்ளிலும் பூசுகிறது. ஈரம் ஏறியதும் அந்த உப்புப் படலம் மின்சாரம் கடத்தும் நீராகிவிடும். தங்கப் பூச்சும் வெள்ளீயமும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் அரிப்பு வேகமாக நடக்கும்.

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை விடாமல் பெயின்ட் அடித்துத்தான் காத்து வந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்கு, துரு தாங்க வேண்டும் என்றே பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். பாலத்துக்கே அந்தப் பாதுகாப்பு தேவைப்படும் காற்றில், நம் கணினிகளைக் கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறோம். மேசையை உள் சுவர் பக்கம் நகர்த்துங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை, கணினிக்குச் சில வருடம் ஆயுள் கூடும்.

ஆன் செய்ததும் பீப், பீப் என்று கத்துகிறது.

கத்தினால் நல்லது, என்ன வலி என்று அதுவே சொல்கிறது. பயாஸ் (ஆன் செய்ததும் மதர்போர்டில் முதலில் ஓடும் சின்ன மென்பொருள்) எந்தக் கம்பெனியுடையது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். அவார்ட் பயாஸில் ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப் என்றால் டிஸ்பிளே கார்டு. நீள பீப் விடாமல் வந்தால் ராம். ஏஎம்ஐ பயாஸில் மூன்று குட்டை பீப் ராமைக் காட்டும், எட்டுக் குட்டை பீப் டிஸ்பிளேயைக் காட்டும். எதுவானாலும் வைத்தியம் முதலில் ஒன்றுதான். அந்தப் பொருளைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி தப்பாகக் காட்டுகிறது, எஃப்1 அழுத்தச் சொல்கிறது.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மூன்று வோல்ட். மதர்போர்டில் சில வருடம் தாங்கும். கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பழையதை நெம்பி எடுத்து, கூட்டல் குறி மேலே வருமாறு புதியதை வையுங்கள். வைக்குமுன் அந்த வெள்ளித் தகட்டில் பச்சை பூத்திருந்தால் துடைத்துவிடுங்கள்.

தேதி தப்பாக இருந்தால் வேறு ஒரு தொந்தரவும் வரும். இன்டர்நெட் இருந்தும் எந்தத் தளமும் திறக்காது, பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கும். தளங்களின் சான்றிதழுக்கு ஒரு காலவரை இருக்கிறது, உங்கள் கணினி 2009-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால் அது எப்படி ஒத்துப்போகும்? தேதியைத் திருத்தினால் சரியாகிவிடும்.

இன்னொன்று. பேட்டரி மாற்றிய பிறகு விண்டோஸ் ஏறாமல் நீலத் திரை வந்து, அதில் 7பி என்று முடியும் எண் காட்டினால் பயப்படாதீர்கள். பயாஸ் தன் பழைய அமைப்பை மறந்துவிட்டது. பயாஸுக்குள் (ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 தட்டினால் திறக்கும்) சாட்டா மோட் என்ற இடத்தில் ஐடிஇ இருந்தால் ஏஹெச்சிஐ என்றும், ஏஹெச்சிஐ இருந்தால் ஐடிஇ என்றும் மாற்றிச் சேமியுங்கள். இது தெரியாமல் நல்ல விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டவர்கள் நிறையப் பேர்.

நாலைந்து முறை ஆன் ஆஃப் செய்தால்தான் எழுகிறது. எழுந்துவிட்டால் நாள் முழுக்க ஓடுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இப்படி என்றால் ஈரம். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள், அப்புறம் ஆன் செய்யுங்கள். வெந்நீர்ச் சூட்டில் காற்று ஊதும் ஹேர் டிரையர் வேண்டாம். அந்த மாதங்களில் தேவை இல்லாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே வரும் சூடே ஈரத்தைத் துரத்தும். பூட்டிய வீட்டில் ஆறு மாதம் கிடந்த கணினியைவிடத் தினமும் ஓடும் கணினி நம் ஊரில் அதிக நாள் உழைக்கிறது.

எல்லா மாதமும் இப்படி என்றால் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றிச் சின்னச் சின்ன உருளைகளாக நிற்கும். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ அதுதான் காரணம். 2000-க்குப் பின் வந்த சில வருடங்களில் தயாரான மதர்போர்டுகளில் தரமில்லாத கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பிரச்சினை செய்தன. சால்டரிங் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவரால் அதே மதிப்புள்ள புதியதை மாற்ற முடியும்.

ஆன் ஆகி ஐந்து நொடியில், அல்லது ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது.

சூடு. பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேன் சுற்றுகிறதா, அதன் அடியில் இருக்கும் அலுமினிய இடுக்குகளில் தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள். உள்ளூர்க் கணினிகளில் தூசி உப்போடு சேர்ந்து அடையாக ஒட்டிக்கொள்ளும். கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பெயின்ட் பிரஷால் கிளறி எடுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். நாலு மூலையிலும் பிளாஸ்டிக் கால் உள்ள மாடலில் ஒரு கால் கழன்றிருந்தாலும் இதே கதைதான். ஹீட்சிங்கை, அதாவது அந்த அலுமினியக் கட்டியைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பச்சைப்பயறு அளவு புதிய தெர்மல் பேஸ்ட் வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

சாயங்காலம் மட்டும் அணைகிறது என்றால் வோல்டேஜைச் சந்தேகப்படுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்களின் ஸ்டிக்கரில் 200 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும். தெருவே மோட்டார் போடும் நேரத்தில் அதற்குக் கீழே இறங்கினால் அது தாங்காது.

"ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்று கறுப்புத் திரையில் வருகிறது.

கணினி தன் ஹார்ட் டிஸ்கைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. முதலில் பென்டிரைவ், சிடி எதுவும் சொருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்", "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்று வந்தாலும் இதையே முதலில் செய்யுங்கள். பல வீடுகளில் பாட்டு கேட்கச் சொருகிய பென்டிரைவ்தான் குற்றவாளி.

அடுத்து பயாஸுக்குள் போங்கள். ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் திறக்கும். அதில் ஹார்ட் டிஸ்கின் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசையில், அதாவது எதிலிருந்து எழ வேண்டும் என்ற பட்டியலில், அதை முதலில் வையுங்கள். தெரியவில்லை என்றால் கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து, ஹார்ட் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்கள், வேறு துளையில் மாட்டுங்கள், கேபிளையே மாற்றுங்கள். அந்தச் சின்னக் கேபிளின் காலிலும் உப்பு ஏறும். பயாஸில் பெயர் தெரிந்து, வரிசையும் சரியாக இருந்து, அப்படியும் இதே எழுத்து வந்தால்தான் விண்டோஸின் பூட் ஃபைல் கெட்டுப்போயிருக்கலாம் என்று யோசிக்க வேண்டும்.

விண்டோஸ் படம் வந்து, சுற்றிச் சுற்றி, திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. அப்டேட் ஓடும்போது கரண்டு போய்விட்டது.

விண்டோஸ் 7 என்றால் ஆன் செய்தவுடன் எஃப்8 தட்டுங்கள். சேஃப் மோட், லாஸ்ட் நோன் குட் என்று பட்டியல் வரும். இரண்டாவதை முதலில் முயலுங்கள். விண்டோஸ் 10-இல் எஃப்8 வேலை செய்யாது. பதிலாக, விண்டோஸ் ஏறும்போது பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை தொடர்ந்து செய்தால் பழுது பார்க்கும் நீலத் திரையை அதுவே கொண்டுவரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், சிஸ்டம் ரீஸ்டோர், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குதல் என்று இருக்கும். இந்த வரிசையிலேயே முயலுங்கள். "ரீசெட் திஸ் பிசி" என்பதை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அப்டேட் இன்னும் நடக்கிறது என்று அர்த்தம். பழைய டிஸ்கில் இரண்டு மணி நேரம்கூட ஆகும், காத்திருங்கள்.

கடையில் ஃபார்மட் போட்டால்தான் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?

உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும்வரை போடாதீர்கள். என்னிடம் வருபவர்களில் யாருக்கும் விண்டோஸ் முக்கியமில்லை. வளைகுடாவிலிருந்து வாப்பா பேசிய வீடியோ, இறந்துபோன அம்மாவின் படம், படகு லோன் கணக்கு, பிள்ளையின் சான்றிதழ் ஸ்கேன் இவைதான் முக்கியம். ஒரு சமயம் நானே அவசரப்பட்டு, டி டிரைவில் எல்லாம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னதை நம்பி, சி டிரைவை அழித்துவிட்டேன். டெஸ்க்டாப்பில் இருந்த படங்கள் சி டிரைவைச் சேர்ந்தவை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அந்தப் பையனின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து நகல் எடுக்காமல் நான் எதையும் அழிப்பதில்லை.

விண்டோஸ் ஏறாவிட்டாலும் நகல் எடுக்கலாம். வேறு கணினியில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவசக் கருவியால் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பழைய கணினியை எழுப்புங்கள். நிறுவத் தேவையில்லை, பென்டிரைவிலிருந்தே ஓடும். உங்கள் ஹார்ட் டிஸ்க் ஃபோல்டராகத் திறக்கும், படங்களை இன்னொரு டிஸ்குக்கு இழுத்துப் போட்டுவிடலாம். இன்னும் எளிது, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி வேறு கணினியில் சொருகுவது. எப்படியானாலும் கடைக்காரரிடம் கொடுக்கும் முன் "டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் எடுத்துவிட்டீர்களா" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வருகிறது.

உடனே அணையுங்கள். "இன்னும் ஒரு தடவை பார்ப்போம்" என்று ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் தட்டு கீறப்படலாம். அதைப் பிரிக்காதீர்கள். ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றில் எடுத்தவுடன் வேர்த்துக் கொட்டும். உள்ளே இருப்பது உண்மையிலேயே வேண்டும் என்றால் டேட்டா ரெகவரி செய்யும் இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். செலவு அதிகம் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதாமே, அதனால்தான் ஸ்டார்ட் ஆகவில்லையா?

இல்லை. 2025 அக்டோபர் 14-உடன் இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் பொதுவாக நின்றன, கணினி நிற்காது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது, அதுவும் பல வீடுகளில் எழத்தான் செய்கிறது. ஆனால் அப்படிப்பட்ட கணினியில் பேங்க் வேலை மட்டும் பார்க்க வேண்டாம்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப் எழவில்லை. அதற்கும் இதே வைத்தியமா?

பெரும்பாலும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஆன் செய்யுங்கள். எழுந்தால் பேட்டரிதான் பழுது. பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது, எடுத்து வெளியே வையுங்கள். சார்ஜர் சொருகும் துளையில் பச்சை பூப்பது இங்கே அடிக்கடி நடப்பது.

இடி மின்னலுக்கு யுபிஎஸ் போதுமா?

போதாது. மின்னல் வெட்டும்போது பிளக்கையே பிடுங்குங்கள், இன்டர்நெட் ஒயரையும் பிடுங்குங்கள். அந்த ஒயர் வழியாக வந்து மதர்போர்டைத் தின்றதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். யுபிஎஸ் என்பது கரண்டு போனதும் ஒழுங்காக அணைக்கக் கிடைக்கும் சில நிமிட அவகாசம். அதன் 12 வோல்ட் பேட்டரி நம் வெயிலில் இரண்டு மூன்று வருடம்தான் வரும். யுபிஎஸ்ஸே செத்துப்போய்க் கணினிக்குப் பழி விழுவதும் உண்டு, ஒருமுறை நேராகச் சுவரில் சொருகிப் பார்த்துவிடுங்கள்.

புயலில் கடல் தண்ணீர் வீட்டுக்குள் வந்து கேபினெட் நனைந்துவிட்டது.

வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். நனைந்த கணினியை உப்புநீர் கெடுப்பதைவிட, நனைந்த நிலையில் கொடுத்த கரண்டுதான் அதிகம் கெடுக்கும். தண்ணீர் நிற்கும் அறையில் மெயினை அணைக்காமல் பிளக்கில் கை வைக்காதீர்கள். பின்பு மதர்போர்டின் நாணயப் பேட்டரியைக் கழற்றுங்கள். மதர்போர்டு, ராம், கார்டுகளைத் தனித்தனியாக எடுத்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்பை அப்படியே காயவிட்டால்தான் அரிப்பு. அலசிய பிறகு நிழலில், ஃபேன் காற்றில் மூன்று நாலு நாள் காயட்டும். எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்கை அலசவோ ஆன் செய்யவோ வேண்டாம், பெரும்பாலானவற்றில் காற்று போக ஒரு பொடித் துளை இருக்கும், அதன் வழியே தண்ணீர் போயிருக்கலாம். அதை ரெகவரி செய்பவரிடம் அப்படியே கொடுங்கள்.

எப்போது இனி வேண்டாம் என்று விட்டுவிடலாம்?

மதர்போர்டின் செம்புக் கோடுகளே பச்சையாக அரித்துப் போயிருந்தால், அல்லது எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் சேர்ந்து போயிருந்தால் விட்டுவிடலாம். பழைய மாடலுக்கு மதர்போர்டு தேடி அலைவதைவிட நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் கணினி வாங்குவது மலிவு. மற்றபடி இரண்டு ஜிபி ராமை நாலாக்கி, ஹார்ட் டிஸ்குக்குப் பதில் ஒரு சின்ன எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டாலே பிள்ளைகள் டைப் பழகவும் படம் பார்க்கவும் போதுமான கணினி கிடைத்துவிடும்.

பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதென்றால் ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள், நாலு திருகாணிதான். காற்றுப் புகாத டப்பாவில், செருப்புப் பெட்டியில் வருமே அந்த ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு போட்டு மூடி, மேலே வீட்டுப் பெயரையும் வருடத்தையும் எழுதி, பீரோவில் பத்திரங்கள் இருக்கும் தட்டில் வையுங்கள். அதில் உள்ளதை அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.